மேட்டடி வாய்க்கால்

“பின் வரிசையே வேணாம்னு தலபாடா அடிச்சிகிட்டேன், கேட்டியா நீ—”

“எங்கங்க அடிச்சிகிட்டீங்க? முன் வரிசையில ரோட்டுப் புழுதி, பின் வரிசைன்னா காத்து வரும்னு சொன்னது யாரு—”

“காத்து வரும்னுதான் சொன்னேன். மலையே வரும்னா சொன்னேன்?”

“மொதல்ல அந்தப் பொட்டியக் கீழ வைங்க.”

“வைக்க மாட்டேன். சாயந்தரத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லி வி.ஏ.ஓ. வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. ஜெபின் வண்டி அனுப்பறேன்றான். ஏறி உக்காந்தா ராத்திரி சாப்பாடு சென்னையில.”

“அப்ப நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் என் வூட்ட விட்டு வரமாட்டேன்.”

கேட்டுக்கு வெளியே, தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் சூட்கேசோடு, சென்னையிலிருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பிய ஆரோக்கியதாஸ் நின்றார். கேட்டுக்கு உள்ளே, கையில் குடை இருந்தும் விரிக்கத் தோன்றாமல் மேரிசெல்வி நின்றாள். அந்தக் கார்த்திகை மழை இருவரையும் பாகுபாடு பார்க்காமல் நனைத்தது. மழை நிற்பதாகவும் இல்லை, இவர்கள் நிறுத்துவதாகவும் இல்லை.

அது அவளுடைய முதல் சொந்த வீடு. ஆரோக்கியதாஸ் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த நாளிலிருந்து அவள் குடியிருந்ததெல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்தான். குறை சொல்ல முடியாத வீடு. தண்ணீருக்கும் கரண்டுக்கும் பஞ்சமில்லை, வாசலில் முருங்கை, பின்னால் வேம்பு. ஆனால் மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. இவள் கருவாடு வறுக்க எண்ணெய் காய வைத்தாலே போதும், மேலே ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். ஒரு நாள் அந்த வீட்டம்மாளே இறங்கி வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க, எங்க சாமி ரூம் வரைக்கும் வாசன வருது” என்று சொல்லிவிட்டுப் போனாள். மேரிசெல்வி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து, காற்றடிக்கும் திசை பார்த்துத் திருட்டுத்தனமாகக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறவளாகிப் போனாள்.

ஆகவே ஓய்வு பெற்று வீடு கட்டும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பின்பக்கம் தனியாக ஒரு சமையல்கட்டு. மேலே ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே விறகடுப்பு, அம்மி, உட்கார்ந்து மீன் ஆய ஒரு மேடை. ஹால் சின்னதானாலும் பரவாயில்லை என்றாள். ஹால் சின்னதாகவும் ஆயிற்று.

வீடு இருந்தது மந்தாரக்குப்பத்தைத் தாண்டி, தெய்வா நகரில். தெய்வசிகாமணி என்ற மனை வியாபாரி தன் பெயரையே வைத்துப் போட்ட நகர் அது. அதன் பின் வரிசைக்குப் பின்னால் ஒரு மண்மேடு. எந்தக் காலத்திலோ தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக நின்றது. மேலே சவுக்கும் கருவேலமும் முளைத்து, பார்க்க இயற்கையான குன்றைப் போலவே இருக்கும். அதன் அடியில் ஒரு வாய்க்கால் வெட்டி, மனையையெல்லாம் விற்று முடித்து, தெய்வசிகாமணி வேறு ஊருக்கு வேறு நகர் போடப் போய்விட்டார்.

அந்த மேடுதான் அன்று காலை கீழே இறங்கி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக்கூடப் போக முடியாத மழை. மேரிசெல்வி பின்கட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலிலிருந்து பக்கத்து வீட்டு ருக்குமணி கூப்பிட்டாள். ருக்குமணியும் அவள் புருஷன் சாமிக்கண்ணுவும் மந்தாரக்குப்பத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவர்கள்.

“யக்கா, பால்காரனக் காணோம். பால் பவுடர் வச்சிருக்கியா?”

“இருக்குடி, இரு வரேன்.”

பவுடர் டப்பாவோடு அவள் வாசலுக்கு வந்த நேரம், பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. எதையோ கரகரவென்று நீளமாக இழுப்பது மாதிரி. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆரோக்கியதாஸ் நிமிர்ந்து, “பெல்ட் ஓடுது” என்றார். ஓய்வு பெற்றதை ஒரு நொடி மறந்துவிட்டார் மனிதர். மூன்று பேரும் தெருவுக்கு ஓடிவந்து திரும்பிப் பார்த்தால், மேட்டின் பாதி சவுக்கு மரங்களோடு நின்ற வாக்கிலேயே சரிந்து வந்து பின் வரிசை நான்கு வீடுகளின் முதுகில் சாய்ந்திருந்தது. ருக்குமணியின் குளியலறைச் சுவர் போயிற்று. மேரிசெல்வியின் பின்கட்டில் செம்மண்ணும் சாம்பல்நிறக் களியும் ஜன்னல் உயரத்துக்கு வந்து உட்கார்ந்தன. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

“மாதாவே” என்றாள் மேரிசெல்வி.

“அங்காளம்மா” என்றாள் ருக்குமணி.

பிறகுதான் இருவருக்கும் அழுகை வந்தது.

இப்போது மாலை. கேட்டுச் சண்டையை முடித்துவைத்தவளும் ருக்குமணியேதான். ஒரு மூட்டையைத் தலையிலும் ஒரு குடத்தை இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்தாள்.

“யண்ணா, யக்கா, ரெண்டு பேரும் மழையில நின்னுகினு இன்னாத்துக்கு சண்ட போட்டுகினு கீறீங்க? கல்யாண மண்டபத்துல எல்லாருக்கும் எடம் குடுத்துகிறாங்க. சண்டய அங்க வந்து போடுங்க. அங்க மழ பெய்யல.”

“நான் சென்னைக்குப் போறேன்மா” என்றார் ஆரோக்கியதாஸ்.

“போண்ணா. சோறு துன்னுட்டுப் போ. சாம்பார் சாதம் வருதாம்.”

சாம்பார் சாதம் வந்தது. சென்னை வண்டி, வழியெல்லாம் வெள்ளம் என்று வரவில்லை. அவர்கள் மண்டபத்தில் தங்கினார்கள்.

மறுநாளே பேரூராட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜேசிபி வந்தது. மணல் மூட்டை வந்தது. மேட்டின்மேல் நீலத் தார்ப்பாய் ஏறியது. இவர்களுக்கெல்லாம் தலைவியாக ஓர் இளம்பெண் வந்தாள். உதவிப் பொறியாளர் சந்திரகலா. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். தெருவே அவள் பின்னால் நடந்தது.

“மேட்டுக்கு அடியில தண்ணி வடியறதுக்கு ஒரு வாய்க்கால் இருக்கணுமே. எங்கங்க அது?”

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள்.

“இங்கதான் எங்கயோ இருந்துச்சு” என்றார் நாலாவது வீட்டுக் கருணாகரன். அவரும் சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர்தான்.

தேடியதில் மண் மூடாத ஓரத்தில் கொஞ்சம் வாய்க்கால் கிடைத்தது. அதற்குள் உடைந்த செங்கல், சிமெண்ட் சாக்கு, தென்னை மட்டை, ஒரு பழைய கம்மோடு. இவற்றுக்கு நடுவே இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியம் செழிப்பாகப் பூத்திருந்தது.

“இது அடைச்சிருக்கு. மேட்டுத் தண்ணி போக வழியில்லாம அடியிலயே நின்னு ஊறியிருக்கு. கால் ஊறிப்போனா மேடு எப்படிங்க நிக்கும்? இத யாரு பாத்துக்கறது?”

“கம்ப்ளைன்ட் குடுத்திருப்பாங்களே” என்றார் கருணாகரன்.

“யாரு குடுத்தாங்க?”

“பிராங்க்ளின் குடுத்திருப்பான்.”

“நான் கருணாகரன் அங்கிள் குடுத்திருப்பாருன்னு இருந்தேன்” என்றான் மூன்றாவது வீட்டுப் பிராங்க்ளின். அவனும் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன்.

“நீங்கம்மா?”

ருக்குமணி கையை விரித்தாள். “இவங்கள்லாம் பெர்மனென்ட் ஆளுங்க, ஆபீஸ் கண்டவங்க. ஒரு போன் போட்டா ஆளுங்க ஓடியாருவாங்கன்னு நானும் வுட்டுட்டேன் மேடம்.”

தெய்வா நகரின் விஷயமே இதுதான். பாதிப் பேர் டவுன்ஷிப்பிலிருந்து வந்தவர்கள். குழாய் ஒழுகினால் போன், பல்ப் எரியாவிட்டால் போன், கால்வாய் அடைத்தால் போன். போனைப் போட்டுவிட்டுக் காப்பி குடித்தால், குடித்து முடிப்பதற்குள் ஆள் வந்து நிற்கும். முப்பது வருஷம் அப்படி வாழ்ந்தவர்களுக்கு, வெளியே வந்த பிறகும் யாரோ வருவார்கள் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

“எங்க ஆபீசுக்கு இந்த நகர்லேருந்து ஒரு புகார்கூட வரலைங்க” என்றாள் சந்திரகலா.

அப்போதுதான் ஆரோக்கியதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். நேற்றிலிருந்து சோர்ந்து கிடந்த முகத்தில் ஒரு மிடுக்கு.

“வரலைன்னு சொல்லாதீங்கம்மா. நான் குடுத்திருக்கேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ.”

“எந்த ஆபீஸ்ல சார்?”

“கம்ப்ளைன்ட் ஆபீஸ்லதான். டவுன்ஷிப் நம்பருக்கு.”

“சார், இது டவுன்ஷிப் இல்லையே.”

“அவங்க அப்படி ஒண்ணும் சொல்லலியே. மரியாதையா பேசினாங்க. குவார்ட்டர்ஸ் நம்பர் கேட்டாங்க, சொன்னேன். ‘ஆள் அனுப்பறோம் சார்’னாங்க.”

“எந்த நம்பர் சொன்னீங்க?”

ஆரோக்கியதாஸ் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. முப்பது வருஷமாக நாக்கில் ஊறிய நம்பர். பால் அட்டைக்கும் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொல்லிச் சொல்லித் தன் பெயரோடு ஒட்டிப்போன நம்பர். கேட்டவுடன் நாக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறது, மூன்று தடவையும்.

மேரிசெல்விக்கு அந்த நேரம் பார்த்தா அது ஞாபகம் வரவேண்டும்? அவர்கள் விட்டுவந்த குவார்ட்டர்ஸில் இப்போது இருப்பவள் வினோலியா என்ற டீச்சர். போன மாசம் கோயில் வாசலில் பார்த்தபோது சொன்னாள்: “ஆன்ட்டி, என்னா சர்வீஸ் தெரியுமா? நாங்க கூப்பிடவே இல்ல. அடிக்கடி வந்து எங்க பின்னாடி கால்வாய சுத்தம் பண்ணிட்டுப் போறாங்க. அதுலயே சோறு போட்டுத் திங்கலாம், அவ்ளோ சுத்தம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வீடு மண்ணுக்குள் கிடக்க, பின்கட்டு களியில் முங்கிக் கிடக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் என்று ருக்குமணி கேட்க, சொல்லிவிட்டாள். தெருவே சிரித்தது. சந்திரகலாகூடக் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சிரிக்காதவர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து அவர் ‘கம்ப்ளைன்ட் சார்’ ஆனார். மண்டபத்தில் தண்ணீர் டிரம் காலியானால், “சார், ஒரு போன் போடுங்க.” மின்விசிறி நின்றால், “சாரக் கூப்பிடுங்கப்பா.” யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேறு சிரிக்க விஷயம் இல்லாத இடத்தில் கிடைத்த ஒரு விஷயம் அது. ஆனால் ஆரோக்கியதாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பாட்டுக்கு எழுந்தார், மறுபடி படுத்தார். மேரிசெல்வியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பேசினால் ஒரே வாக்கியம்தான்.

“ரோடு சரியாச்சுன்னா கிளம்பிடலாம்.”

“கெளம்பி?”

“ஜெபின் வூட்டுலயே இருந்துடலாம்.”

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். தான் சிரித்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் மறுபடி சிரிப்பு வந்துவிடுமோ என்றும் பயம்.

மழை விட்டதும் சந்திரகலா மண்டபத்துக்கே வந்து கூட்டம் போட்டாள். பின் வரிசைக்காரர்கள் முன்னால், மற்றவர்கள் சுற்றிலும் உட்கார்ந்தார்கள்.

“மண்ண எடுத்துப் பாத்துட்டோம். மேட்ட படிப்படியா வெட்டிச் சாய்ச்சா நிக்கும். ஒவ்வொரு படியிலயும் வெட்டிவேர் நடுவோம். அடியில கருங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் சிமெண்ட் வாய்க்கால். செஞ்சிடலாம்னு மேல ஒத்துகிட்டாங்க.”

கைதட்டினார்கள்.

“இருங்க, முடிக்கல. சுவருக்கும் வாய்க்காலுக்கும் எடம் வேணும். நாலு வீட்டுலயும் பின்னாடி எட்டடி விட்டாகணும். நாலு பேருமே விட்டாத்தான் உண்டு. ஒருத்தர் மாட்டேன்னா வாய்க்கால் பாதியில நின்னுடும். பாதி வாய்க்கால் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். அப்புறம் நாலு வீடுமே குடியிருக்க ஆகாதுன்னு எழுதறதத் தவிர எனக்கு வழியில்ல.”

கைதட்டல் நின்றது.

“இன்னொண்ணு. வாய்க்கால் கட்டித் தரது நாங்க. அடைக்காம பாத்துக்கறது நீங்க. மழைக்கு மழை எங்க ஆளு வந்து பாத்துட்டுப் போவாங்க. ஆனா தினம் வர முடியாது. யாராவது ஒருத்தர் முன்ன நிக்கணும்.”

“அதுக்கென்ன, கம்ப்ளைன்ட் சார் இருக்காரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் கலகலத்தது.

ருக்குமணி முதலில் எழுந்தாள். “எட்டடி இன்னா, பாத்ரூமே போயிடுச்சு. எடுத்துக்கோங்க.” பிராங்க்ளின் சரி என்றான். கருணாகரன், “எல்லாரும் குடுத்தா நானும்” என்றார். எல்லாக் கண்ணும் ஆரோக்கியதாஸிடம் திரும்பின. அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே நடந்துவிட்டார்.

மேரிசெல்வி பின்னாலேயே ஓடினாள். வீடு அவர் பெயரில் இருந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகையில், கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாவின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க இது? அத்தினி பேரு காத்திருக்காங்க.”

“சிரிக்கறதுக்குக் காத்திருக்காங்க.”

“சிரிச்சாங்க. அதுக்கு?”

“நீதான் மொதல்ல சிரிச்ச.”

“ஆமா, சிரிச்சேன். நீங்க மூணு தடவ போன் பண்ணி, மூணு தடவயும் தப்பான வூட்டுக்கு ஆள அனுப்பியிருக்கீங்க. சிரிக்காம?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பக்கத்து அண்டாவைப் புரட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். கருணாகரன் எத்தினி தடவ பண்ணாரு?”

“பண்ணல.”

“பிராங்க்ளின்?”

“பண்ணல.”

“ருக்கு? நானு? பின்னாடி உக்காந்துகிட்டு கம்ப்ளைன்ட் சார்னு கத்தினானே, அவன்? எவனும் பண்ணல. அந்த வாய்க்காலு ஒண்ணு இருக்குன்னு நெனப்பு வச்சிருந்தது மொத்தத் தெருவுலயும் நீங்க ஒருத்தர். இதுல யாரு பெரிய முட்டாளு, சொல்லுங்க.”

“எல்லாரும்தான்” என்றார் அவர்.

“அப்புறம் உங்களுக்கு மட்டும் என்னா வெக்கம்?”

அவர் துண்டின் முனையைச் சுருட்டினார், விரித்தார்.

“அதுக்கு மட்டும் இல்ல மேரி. எட்டடின்னா உன் சமையல்கட்டு போவும். எட்டடிக்குள்ளதான் அது மொத்தமும் இருக்கு. அளந்து பாத்தேன்.”

“எப்ப அளந்தீங்க?”

“முந்தா நாளு. நீ தூங்கிகிட்டு இருந்த. போய்ப் பாத்துட்டு வந்தேன், அந்தப் பொண்ணோட ஆளுங்க எட்டடிக்கு முளக்குச்சி அடிச்சிருந்தாங்க. அதுக்காகத்தான இந்த வூட்டையே கட்டினோம். அது இல்லாத வூட்டுல உன்ன எப்படி... பேசாம ஜெபின் வூட்டுக்கே போயிட்டா, இத நெனச்சிப் பாக்காம இருக்கலாம்ல.”

மேரிசெல்வி அவரையே பார்த்தாள். ஹால் சின்னதாகப் போனதற்கு ஒரு வருஷம் முணுமுணுத்த மனிதர். அந்தச் சமையல்கட்டில் ஒரு நாள்கூட வந்து நின்றதில்லை. புகை என்பார்.

“சமையல்கட்டு போனா வூட்டுக்குள்ள சமைச்சிக்கறேன்” என்றாள். “வூடே போனா எங்க சமைக்கறது? உங்க மருமவ கிட்ட, அம்மாடி, இன்னிக்கு ரெண்டு நெத்திலிக் கருவாடு வறுத்துக்கட்டுமான்னு கேட்டுகிட்டா? ஒம்பதாவது மாடி. எத்தினி ஜன்னலு சாத்துவாங்க தெரியுமா?”

அவருக்கு உதடு லேசாக இழுத்தது.

“சிரிக்கறீங்களா?”

“இல்ல.”

“சிரிச்சீங்க. எழுந்திருங்க. அந்தப் பொண்ணு பாவம், காத்துகிட்டு நிக்குது.”

உள்ளே போய் ஆரோக்கியதாஸ் இரண்டு விஷயம் சொன்னார். எட்டடி எடுத்துக்கொள்ளலாம் என்றார். வாய்க்காலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். ருக்குமணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

சந்திரகலா, “சார், இப்போதைக்கு இருக்கற வாய்க்கால மட்டுமாவது தோண்டி விட்டீங்கன்னா நல்லது. அடுத்த மழை வந்துகிட்டு இருக்கு” என்றாள்.

“செஞ்சிடலாம்மா. மம்பட்டி யார்கிட்ட இருக்கு?”

கேட்டதற்குப் பிறகுதான் தெரிந்தது, தெய்வா நகர் முழுக்க மண்வெட்டி என்று ஒன்றுதான் இருந்தது. அதுவும் ருக்குமணி வீட்டில், அடுப்புச் சாம்பல் அள்ள. வாழ்நாளெல்லாம் மண்ணை மலை மலையாகப் பெயர்த்த ஆட்கள், கையால் ஒரு கூடை மண் அள்ளியதில்லை. அங்கே எல்லாவற்றையும் இயந்திரம் செய்தது. ஆரோக்கியதாஸ் முதல் நாள் மண்வெட்டியைப் பிடித்த பிடியைப் பார்த்து ருக்குமணி, “யண்ணா, அது மைக் இல்ல, குனிஞ்சி வெட்டு” என்றாள். கருணாகரன் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய முறை வந்தபோது அவர் கட்டைவிரலையே வெட்டிக்கொள்ளப் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் நான்கைந்து பேராகப் பஸ் ஏறி வடலூர் போய் ஆளுக்கொரு மண்வெட்டி வாங்கி வந்தார்கள். தோளில் மண்வெட்டியும் காலில் பேண்டும் ஷூவுமாக அவர்கள் இறங்கியதைப் பஸ் ஸ்டாப்பே வேடிக்கை பார்த்தது.

மழைக்காலம் ஓய்ந்து எல்லாரும் மண்டபத்திலிருந்து வீடு திரும்பினார்கள்; பொங்கல் கழிந்து வேலை நடந்தது. மேடு படிப்படியாயிற்று. பின்கட்டை இடிக்க ஜேசிபி வந்த அன்று மேரிசெல்வி அம்மியை மட்டும் முன்னதாக உள்ளே உருட்டிக் கொண்டுவந்துவிட்டாள். மற்றதைப் பார்க்கவில்லை, இட்லிக்கடையில் போய் ருக்குமணிக்குச் சட்னி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது பின்பக்கம் வெட்டவெளியாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கண் கலங்கத்தான் செய்தது. அப்புறம் பாத்திரம் துலக்க வேண்டியிருந்தது.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம். வீட்டுக்குள் இருக்கிற சின்ன அடுப்பில் முதல் முதலாகக் கருவாடு வறுத்தாள். எண்ணெயில் போட்ட மறு நிமிஷமே பக்கத்து வீட்டு ஜன்னலில் ருக்குமணியின் தலை தெரிந்தது.

“யக்கா, இன்னா வாசன வந்துகினு கீது?”

மேரிசெல்விக்குக் கை பழைய வேகத்தில் தானாக ஜன்னல் கதவுக்குப் போயிற்று.

“சாத்தறியா? எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வச்சிட்டு சாத்து.”

வைகாசியில் ஒரு புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். மத்தியானத்திலேயே வானம் கருத்து, கோடைமழை என்று சொல்ல முடியாத அளவுக்குக் கொட்டியது. மேரிசெல்வி பின்வாசல் கதவைத் திறந்து நின்றாள். மேட்டிலிருந்து தண்ணீர் செந்நிறமாகப் படிக்குப் படி இறங்கி, வெட்டிவேர்த் தூர்களுக்குள் புகுந்து தணிந்து, சுவரைத் தாண்டி வாய்க்காலில் விழுந்து சலசலவென்று ஓடியது. அவளுடைய சமையல்கட்டு இருந்த இடம் வழியாகத்தான் ஓடியது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

வாய்க்கால் ஓரத்தில், தலையில் பிளாஸ்டிக் சாக்கும் கையில் மண்வெட்டியுமாக ஆரோக்கியதாஸ் நின்றிருந்தார். கருணாகரனோடு சண்டை.

“மட்டய யாருய்யா உள்ள போட்டது?”

“காத்துல விழுந்திருக்கும் தாஸு.”

“காத்துல விழுந்த மட்ட கட்டு கட்டியா விழும்? கயிறு போட்டிருக்கய்யா! எடுய்யா வெளிய!”

“எடுக்கறேன், கத்தாத. பேரூராட்சி ஆளு வந்துட்டுப் போற வரைக்கும் நல்லாத்தான இருந்த?”

“அவரு பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனதே நான் கத்தறதாலதான்!”

செல்போன் அடித்தது. ஜெபின்.

“அம்மா, டிவியில உங்க பக்கம் மழைன்னு காட்டறான். மேடு எப்படி இருக்கு?”

“இருக்குடா. நிக்குது.”

“ரிஸ்க் எடுக்காதீங்கம்மா. நான் வண்டி சொல்றேன். நாலு நாள் இங்க இருந்துட்டுப் போங்க. இல்ல, இங்கயே இருந்துடுங்க. எத்தன தடவ சொல்றது? அப்பாகிட்ட குடு, நான் பேசறேன்.”

அவள் எட்டிப் பார்த்தாள். கருணாகரன் மட்டைக் கட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியதாஸ் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, மறுமுனையைத் தள்ளிக்கொண்டே ஏதோ அதட்டிக்கொண்டிருந்தார். கட்டு சட்டென்று விடுபட, கருணாகரன் சேற்றில் உட்கார்ந்தார். ஆரோக்கியதாஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

“உங்கப்பா இப்ப வரமாட்டாருடா” என்றாள் மேரிசெல்வி. “நாங்க எங்கயும் வரதா இல்ல. நீ எப்ப இங்க வர?”